எள்ளளவில் மாறும் சரித்திரம்: மாற்று வரலாற்றுக் கதைகளும் நம்பகமும்

மலர்க் குழு நண்பர்கள் வருஷா வருஷம் என்னிடம் சீவக சிந்தாமணி, நீலகேசி என்று ஏதாவது கேட்பார்கள். நானும் எழுதிக் கொடுப்பேன். இந்த முறை, "உங்களுக்கு எது பிடிக்குமோ அதை எழுதுங்க நயினார் சார்" என்று விட்டுவிட்டார்கள். எனக்கு முப்பது வருஷமாகப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வீட்டில் உள்ளவர்களைத் தவிர வேறு யாருக்கும் அது தெரியாது. விஞ்ஞானக் கதைகளில் 'மாற்று வரலாறு' என்று ஒரு கிளை இருக்கிறதல்லவா, அதுதான். நடந்த சரித்திரத்தில் ஒரே ஒரு இடத்தை மாற்றி, அதற்குப் பிறகு என்னென்ன ஆகியிருக்கும் என்று எழுதும் கதைகள். பாத்திரக் கடைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். இந்தக் கதைகளை வாசிப்பதற்குப் பேரேடு எழுதிப் பழகிய கை ரொம்ப உதவும் என்பது என் அனுபவம். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பூனாவில் வாழும் நமக்கு இந்த வகையில் முதலில் நினைவுக்கு வரவேண்டிய கதை, ஜயந்த் நார்ளீகர் மராத்தியில் எழுதிய 'கங்காதரபந்தாஞ்சே பானிபத்'. 'தி அட்வென்ச்சர்' என்ற பெயரில் அதன் ஆங்கில வடிவம் 2006இல் வந்த என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு 'ஹார்ன்பில்' புத்தகத்தில் இடம்பெற்றது. நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் பரீட்சைக்காக அதைப் படித்திருப்பார்கள். பரீட்சைக்குப் படித்தது மனசில் நிற்காது என்பது வேறு விஷயம். நார்ளீகர் 1938இல் கோலாப்பூரில் பிறந்தவர். ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து ஈர்ப்புக் கொள்கை வகுத்தவர். 1988இல் பூனாப் பல்கலைக்கழக வளாகத்தில் 'ஐயூக்கா' வானியல் மையத்தை நிறுவியவர். 2025 மே 20ஆம் தேதி இதே ஊரில் காலமானார். அவர் தம் முதல் விஞ்ஞானக் கதையை 1974இல் மராத்தி விஞ்ஞான பரிஷத் நடத்திய போட்டிக்கு அனுப்பியபோது, தம் பெயரின் முதலெழுத்துகளைத் திருப்பிப் போட்டு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற புனைபெயரில் அனுப்பினார். தம் பெயருக்காகப் பரிசு கிடைத்துவிடக் கூடாது என்ற எண்ணம். பரிசும் கிடைத்தது.

கதை இதுதான். பூனாச் சரித்திரப் பேராசிரியர் கங்காதரபந்த் கெய்தோண்டே, பானிபட் யுத்தத்தின் முடிவு வேறாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே போகும்போது லாரியில் அடிபடுகிறார். கண் விழித்தால் உலகம் மாறியிருக்கிறது. பம்பாய்க்கு ரயிலில் போகிறார். லோணாவாலாவைத் தாண்டியதும் எல்லை நிலையம். அதற்கப்பால் பிரிட்டிஷ் கொடி வரைந்த பெட்டிகள். பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை அலுவலகம் ஜாம் ஜாம் என்று நடக்கிறது. கூட வந்த கான் சாகிப் பம்பாயிலிருந்து பெஷாவர் வரை ரயிலில் போகப் போவதாகச் சொல்கிறார். அந்த ஒரு பேச்சிலேயே தேசப் பிரிவினை நடக்கவில்லை என்று புரிந்துவிடுகிறது. இதை எங்கேயும் விளக்கவில்லை பாருங்கள், எழுத்தாளர் கெட்டிக்காரர். டவுன் ஹால் நூலகத்துக்குப் போய்த் தாமே எழுதிய சரித்திர நூலை எடுத்துப் புரட்டுகிறார். முதல் தொகுதிகள் தமக்குத் தெரிந்தபடியே இருக்கின்றன. கடைசித் தொகுதியில்தான் வித்தியாசம். 1761 ஜனவரி 14ஆம் தேதி பானிபட்டில் பேஷ்வாவின் மூத்த மகன் விசுவாசராவ் மீது பட்ட குண்டு, இந்த உலகத்தில் காதை உரசிக்கொண்டு போய்விட்டது. எள்ளளவு இடைவெளி. மராத்தியர் ஜெயித்துவிட்டார்கள்.

ஒரு குண்டு எள்ளளவு விலகினால் ஒரு தேசத்தின் சரித்திரம் மாறுமா? இந்த வகைக் கதைகளின் நம்பகமே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

'மாறாது' என்பவர்களுடைய கட்சியை முதலில் முழுசாகச் சொல்கிறேன். எதிராளியின் வாதத்தை அரைகுறையாகச் சொல்லி மறுப்பது நீலகேசி படித்தவனுக்கு அழகில்லை. பானிபட்டில் மராத்தியர் தோற்றது குண்டினால் அல்ல, பசியினால். சதாசிவராவ் பாவுவின் படையோடு அதைவிடப் பெரிய கூட்டமாக யாத்ரீகர்களும் பெண்டு பிள்ளைகளும் கடைக்காரர்களும் போனார்கள். டில்லியைப் பிடித்ததும் கையில் காசில்லாமல், செங்கோட்டை திவானி காஸ் மண்டபத்தின் வெள்ளிக் கூரையைப் பெயர்த்து உருக்கி நாணயம் அடித்தார் பாவு. ஜாட் அரசர் சூரஜ்மல் கூட்டணியிலிருந்து ஒதுங்கிக்கொண்டார். 1760 அக்டோபரில் அப்தாலி பாக்பத்தில் யமுனையைக் கடந்து மராத்தியருக்கும் டில்லிக்கும் நடுவே வந்து உட்கார்ந்தான். தெற்கேயிருந்து வரும் தானியம் நின்றது. தானியமும் பணமும் சேர்த்து அனுப்பும் பொறுப்பில் இருந்த கோவிந்தபந்த் புந்தேலே டிசம்பரில் கொல்லப்பட்டார். பொங்கலன்று, அதாவது இங்கத்திய சங்கராந்தியன்று, பட்டினி கிடந்து சாவதைவிடச் சண்டையில் சாவது மேல் என்றுதான் படை வெளியே வந்தது. அப்படிப்பட்ட படைக்கு ஒரு இளவரசன் பிழைத்தால் என்ன, செத்தால் என்ன?

இதற்கு ஒரு சாட்சியும் உண்டு. தோல்விச் செய்தி பேஷ்வா நானாசாகிபை எட்டியது எப்படித் தெரியுமா? அவர் உதவிக்கு வடக்கே போகும் வழியில் பில்சாவில் தங்கியிருந்தார். ஒரு சாவுகார் கடைக்காரர் இன்னொருவருக்கு அனுப்பிய கடிதம் அவர் கைக்கு வந்தது. முத்து இரண்டு போயிற்று, மொகரில் இருபத்தேழு போயிற்று, வெள்ளியும் செம்பும் கூட்டிச் சொல்லும் அளவில் இல்லை என்பது அதன் சாரம். முத்து இரண்டு என்றால் பாவுவும் விசுவாசராவும். மொகர் என்றால் சர்தார்கள். சில்லறை என்றால் பேர் தெரியாத சிப்பாய்கள். சரித்திரப் புத்தகங்கள் இதை ஒரு சங்கேதக் கடிதம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. என்னைப் போன்ற வியாபாரிக்கு அது சங்கேதமாகவே தெரியவில்லை. அந்த சாவுகார் நஷ்டத்தை நஷ்டக் கணக்கில் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்து யுத்தம் எல்லாமே உண்டியல் தாளில் நடந்தது. யார் படையின் உண்டியலைச் சந்தை ஏற்றுக்கொள்கிறதோ அவன் ஜெயிப்பான்.

அப்படியானால் நார்ளீகரின் கதை நம்பக் கூடியதில்லையா? அவசரப்பட வேண்டாம். சுஜா உத் தௌலாவின் முகாமிலிருந்த காசிராஜ் பண்டிட் எழுதிய விவரத்தையும், த்ரியம்பக் சேஜ்வல்கர் 1946இல் டெக்கான் கல்லூரி வழியாக வெளியிட்ட பானிபட் நூலையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. மத்தியானம் வரை மராத்தியர் கை ஓங்கித்தான் இருந்தது. இப்ராகிம் கான் கார்டியின் பீரங்கிகளும் காலாட்படையும் ரோகிலாக்களை அரைத்துவிட்டன. பாவு எதிரியின் நடு அணியைப் பிளந்துவிட்டார். அப்தாலி சேமப்படையை இறக்கிய அந்த வேளையில்தான் விசுவாசராவ் விழுந்தார். பாவு யானையை விட்டுக் குதிரை ஏறினார். காலி அம்பாரியைப் பார்த்த படை கலைந்தது. அதாவது தராசு ஏறக்குறைய சமநிலையில் நின்ற நேரம் அது. நிறைந்த தட்டில் படிக்கல்லையே தூக்கிப் போட்டாலும் முள் அசையாது. சமமாக நிற்கும் தராசில் எள் போதும். கதையில் ராஜேந்திர தேஷ்பாண்டே என்ற விஞ்ஞானி கங்காதரபந்துக்குச் சொல்லும் 'பேரழிவுக் கோட்பாடு' இதுதான்: நெருக்கடியான கட்டத்தில் சின்ன மாறுதல் பெரிய விளைவைத் தரும். பேர்தான் பயமாக இருக்கிறதே தவிர, மளிகைக் கடைப் பையனுக்கும் தெரிந்த விஷயம். பசித்த படையாயிற்றே என்றால், சாயங்காலம் ஜெயித்திருந்தால் எதிரி முகாமின் தானியம் இவர்களுடையது. அப்தாலிக்கும் காசு கஷ்டம்தான். ஜெயித்த பிறகும் அவன் படை சம்பள பாக்கிக்காக முணுமுணுத்து ஊர் திரும்பவே துடித்தது.

ஆகவே குண்டை நான் ஒத்துக்கொள்கிறேன். குண்டுக்கு அப்புறம்?

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி யுத்தமே அல்ல. விசுவாசராவும் தம்பி மாதவராவும் சேர்ந்து ஆண்டார்கள், தாதாசாகிபின் கோஷ்டி ஓரங்கட்டப்பட்டது என்று நார்ளீகர் போகிற போக்கில் எழுதுகிறார் பாருங்கள், அங்கேதான் கதைக்கு அஸ்திவாரம் இருக்கிறது. தாதாசாகிப் என்றால் ரகுநாதராவ். நிஜத்தில் நடந்தது என்ன? நானாசாகிப் துக்கத்தில் 1761 ஜூனில் பர்வதி மலை மாளிகையில் இறந்தார். பதினாறு வயசு மாதவராவ் பட்டத்துக்கு வந்தார். சித்தப்பாவோடு பங்காளிச் சண்டை. மாதவராவ் அபாரமாகச் சமாளித்தார். 1771இல் மகாதஜி சிந்தே டில்லியையே மறுபடி பிடித்தார். அப்போது மாதவராவுக்குக் காசநோய். 1772 நவம்பரில், இருபத்தேழு வயசில், போய்விட்டார். அடுத்த வருஷம் தம்பி நாராயணராவ் சனிவார் வாடாவில் வெட்டிக் கொல்லப்பட்டார். பட்டத்துக்கு ஆசைப்பட்ட ரகுநாதராவ் கம்பெனிக்காரன் வாசலில் போய் நின்று 1775இல் சூரத் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். கம்பெனி மராத்தியர் வீட்டுக்குள் நுழைந்த கதவு அதுதான். விசுவாசராவும் பாவுவும் உயிரோடு இருந்தால் அந்தக் கதவு திறந்திருக்காது. குடும்பத்தில் மூத்தவர்கள் இருக்கும்போது சித்தப்பா கடைச் சாவியைக் கேட்க முடியுமா? பானிபட்டின் பெரிய நஷ்டம் ஜில்லாக்கள் அல்ல, அந்த வீட்டின் வரிசை குலைந்ததுதான். கிராண்ட் டஃப் என்ற பிரிட்டிஷ் ஆசிரியரே மாதவராவின் மறைவு மராத்தியருக்குப் பானிபட்டுக்குக் குறையாத கேடு என்ற பொருள்பட எழுதியிருக்கிறார். நானே இந்தக் கதையை எழுதுவதாக இருந்தால் குண்டைத் தொடமாட்டேன். மாதவராவின் நெஞ்சுச் சளியைக் குணப்படுத்துவேன். ஆனால் அதில் ரயில் வண்டி வேகமும் பீரங்கிச் சத்தமும் இருக்காது, பத்திரிகைக்காரர்கள் போடமாட்டார்கள்.

நார்ளீகர் கணக்கில் ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது. மராத்தியர் ஜெயித்ததால் கம்பெனி பம்பாய், கல்கத்தா, மதராஸ் அருகே சின்னத் துண்டுகளாகச் சுருங்கியது என்கிறார். 1761இல் கம்பெனியின் பலம் பானிபட் பக்கமே இல்லையே. 1757இல் பிளாசி முடிந்துவிட்டது. வங்காளத்தின் வருவாயில் கை வைத்தாயிற்று. பானிபட் நடந்த அதே வாரம் தெற்கே புதுச்சேரி சர் அயர் கூட்டிடம் விழுந்தது. வடக்கே மராத்தியர் ஜெயித்தால் வங்காளத்துப் பணம் எப்படி நின்றுபோகும்? இதற்குக் கதையில் பதில் இல்லை. ஆனால் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. 1751இல் வங்காள நவாப் அலிவர்தி கான், வருஷத்துக்குப் பன்னிரண்டு லட்சம் ரூபாய் சௌத் தருவதாக மராத்தியருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கடன் பத்திரம் கையில் இருக்கிறது. பானிபட்டில் ஜெயித்த பேஷ்வா முதலில் என்ன செய்வான்? யுத்தக் கடனை அடைக்க வேண்டும். பாக்கி வசூலுக்குக் கிழக்கே போவான். பழைய பாக்கியைக் கேட்டு அவன் படை வங்காளத்துக்குள் போனால் 1764இல் பக்சாரில் கம்பெனிக்கு அவ்வளவு சுலபமான வெற்றி இல்லை, 1765இல் திவானி உரிமையும் இல்லை. இந்த ஒரு வரியை நார்ளீகர் சேர்த்திருந்தால் என்னைப் போன்ற கடைக்காரன் வாயைத் திறந்திருக்க மாட்டான்.

இன்னொரு இடறல் உண்டு. அது நம் எல்லோரையும் தொடுகிற விஷயம். இருநூறு வருஷத்துக்கும் மேல் வேறு பாதையில் போன உலகத்தில் அதே கங்காதரபந்த் இருக்கிறார், அதே புஸ்தகம் எழுதியிருக்கிறார். இது நடக்குமா? ஒரு யுத்தம் மாறினால் யார் எந்த ஊருக்குப் போனார்கள், யார் பெண்ணை யார் கட்டினார்கள் என்பதெல்லாம் மாறிவிடும். பூனாத் தமிழர்களையே எடுத்துக்கொள்ளுங்கள். 1817 நவம்பரில் கட்கி யுத்தத்தில் பேஷ்வா தோற்றார். அதனால் கட்கியிலும் இங்கே கேம்ப்பிலும் ராணுவக் குடியிருப்பு வந்தது. மதராஸ் பட்டாளத்தோடு சமையல்காரர், குமாஸ்தா, கடைக்காரர் என்று நம்மவர்கள் வந்தார்கள். பிறகு வெடிமருந்துத் தொழிற்சாலை, ரயில்வே, தணிக்கை அலுவலகம். பம்பாயில் மாட்டுங்கா உண்டானதும் இதே மாதிரிதான். கம்பெனியும் மகாராணியும் ஆண்டதால் உண்டான ஜனங்கள் நாம். நார்ளீகரின் உலகத்தில் மராத்தியர் பெருமையாக வாழ்கிறார்கள். ஆனால் அங்கே கட்கியில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லை, நம் சங்கம் இல்லை, நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த மலரும் இல்லை. தஞ்சாவூர் மராத்திய ராஜ்யம் நிலைத்திருந்தால் அந்த வழியாக வேறு தமிழர்கள் வந்திருப்பார்கள், அவர்கள் நாமல்ல. மராத்திய நண்பர் ஒருவர் இந்தக் கதையை எனக்கு உற்சாகமாகச் சொன்னபோது, அந்த உலகத்துக்கு டிக்கெட் வாங்க எனக்கு மனசு வரவில்லை.

(அந்த உலகத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஆசாத் மைதானக் கூட்டத்தில் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறதே என்று கங்காதரபந்த் போய் உட்கார, சபை முட்டையும் தக்காளியும் வீசி விரட்டுகிறது. தலைமையுரை என்பதையே அந்த ஜனங்கள் ஒழித்துவிட்டார்கள். நம் ஆண்டு விழாக்களில் நாலு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசிப்பார்கள்.)

மேல்நாட்டில் இந்த வகை பெரிய தொழிலாகவே வளர்ந்துவிட்டது. 1995 முதல் மாற்று வரலாற்றுக்கென்று 'சைட்வைஸ்' என்ற பரிசே கொடுக்கிறார்கள். வருகிற புத்தகங்களில் முக்கால்வாசி தேசப்படத்துக்கு வேறு வர்ணம் பூசுவதோடு சரி. ஹிட்லர் ஜெயித்தான், தென் மாநிலங்கள் ஜெயித்தன, ரோமாபுரி விழவில்லை. எப்படி என்று கேட்டால் ஒரு தளபதி புத்திசாலியாகிவிட்டார் என்பார்கள். சோறு, சம்பளம், குதிரைக்குப் புல், இதெல்லாம் யார் பொறுப்பு? ஜெர்மனி 1940இல் இங்கிலாந்துக்குள் இறங்குவதாகக் கதை எழுதுகிறவர்கள் ரைன் நதிப் படகுகளை வைத்துக்கொண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடப்பது எப்படி என்று சொல்வதே இல்லை. ராபர்ட் ஹாரிஸ் 1992இல் எழுதிய 'ஃபாதர்லேண்ட்' நாவலில் அந்தச் சிக்கலுக்குள் போகாமல், இங்கிலாந்து சமாதானத்துக்கு வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு இருபது வருஷம் கழித்து நடக்கும் ஒரு கொலைத் துப்பறிதலில் கதையை ஆரம்பிக்கிறார். அதுவும் ஒரு புத்திசாலித்தனம்.

என் மனசுக்கு நெருக்கமானவர் ஸ்ப்ரேக் டி கேம்ப். 1939இல் பத்திரிகையில் வந்து பிறகு நூலான 'லெஸ்ட் டார்க்னெஸ் ஃபால்' கதையில், பாட்வே என்ற ஆராய்ச்சியாளன் ஆறாம் நூற்றாண்டு ரோமாபுரியில் போய் விழுகிறான். வேறு எழுத்தாளனாக இருந்தால் முதல் அத்தியாயத்திலேயே துப்பாக்கி செய்திருப்பான். இவன் என்ன செய்கிறான்? ஒரு சிரியா நாட்டு லேவாதேவிக்காரனிடம் கடன் கேட்கிறான். ஈடு என்ன? நம் நாட்டு எண்களில் கணக்குப் போடவும் இரட்டைப் பதிவுக் கணக்கு எழுதவும் அவன் குமாஸ்தாக்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறான்! அந்தக் கடனில் சாராயம் காய்ச்சி முதல் சேர்க்கிறான். வெடிமருந்து செய்யப் பார்த்தால் சரிவர வருவதில்லை. அந்தத் தோல்வியினால்தான் மற்றதெல்லாம் நம்பும்படி இருக்கிறது. வாசகன் எழுத்தாளனுக்கு ஒரு பொய்யைக் கடனாகத் தரலாம். மின்னல் அடித்து மனிதன் பழங்காலத்துக்குப் போனான் என்பதை நான் கேள்வி கேட்காமல் தந்துவிட்டேன். இரண்டாவது பொய்க்கு வந்து நின்றால் முதல் கடனுக்கு வட்டி எங்கே என்று கேட்பேன்.

இந்த விதியை மீறியும் ஜெயித்தவர் பிலிப் கே. டிக். 1962இல் வந்த அவருடைய 'தி மேன் இன் தி ஹை காசில்' நாவலில் ஜெர்மனியும் ஜப்பானும் அமெரிக்காவைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஜெர்மானியர் மத்தியதரைக் கடலை வற்றவைத்து வயலாக்கிவிட்டார்கள், செவ்வாய்க் கிரகத்துக்குப் போகிறார்கள். கணக்குப் பார்த்தால் ஒரு பதிவும் நிற்காது. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் ராபர்ட் சில்டன் என்ற கடைக்காரன் இருக்கிறான். ஜப்பானிய எஜமானர்களுக்குப் பழைய அமெரிக்கச் சாமான்கள் விற்கிறான். அதில் பாதி போலி என்று அவனுக்கே ஒரு நாள் தெரியவருகிறது. இரண்டு சிகரெட் லைட்டர்கள் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஒன்று ரூஸ்வெல்ட் சுடப்பட்டபோது அவர் சட்டைப் பையில் இருந்தது என்பார்கள். எது என்று எப்படித் தெரியும்? காகிதம் இருந்தால் தெரியும். அந்தக் காகிதமும் போலியாக இருக்கலாம். பழைய வெண்கலத்துக்குப் புளி போட்டுத் தேய்த்து வயசைக் குறைப்பதும், புதுச் சிலைக்கு மண்ணில் புதைத்து வயசைக் கூட்டுவதும் பார்த்த எனக்கு, இந்தக் கடைக்காரனின் வியர்வை முழுக்க முழுக்க நிஜம். உலகப் படம் பொய், கடை நிஜம். அந்தக் கடையை வைத்து முழு உலகத்தையும் நம்பவைத்துவிட்டார்.

இனி கொஞ்சம் கசப்பான விஷயம். ஹாரி டர்ட்டில்டவ் பைசாந்தியச் சரித்திரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். இந்தத் துறையின் மொத்த வியாபாரி என்றே சொல்லலாம். 1988இல் 'தி லாஸ்ட் ஆர்ட்டிகிள்' என்று ஒரு சிறுகதை எழுதினார். யுத்தத்தில் ஜெர்மனி ஜெயித்து இந்தியாவையும் பிடித்துவிடுகிறது. டில்லியில் தளபதி மாடல் ஆட்சி. காந்தியடிகள் ஆங்கிலேயரிடம் செய்ததையே இவனிடமும் செய்கிறார். போலந்திலிருந்து தப்பி வந்த யூதர் ஒருவர் அங்கே நடந்ததைச் சொன்னபோது காந்தியடிகள் நம்பவில்லை. மாடலுக்கு மனசாட்சி உறுத்தவில்லை, பத்திரிகை எழுதவில்லை, பார்லிமெண்ட் கேட்கவில்லை. கடைசியில் காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

என் மாதிரி அகிம்சையைத் தாய்ப்பாலோடு குடித்த வீட்டுக்காரன் இந்தக் கதையை எப்படி மறுப்பது? சுலபமான வழி ஒன்று உண்டு. ஜெர்மன் படை இந்தியா வரை வந்ததே நடக்காத காரியம் என்று நிரூபித்துவிடலாம். காக்கேசியத்திலிருந்து குவெட்டா வரை சோறு கொண்டுவர வழியில்லை. ஈரானின் பெரிய ரயில் பாதை அன்று நம் பாதையோடு இணையவே இல்லை. கணக்கு என் பக்கம். ஆனால் அப்படித் தப்பித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. வந்து சேர்ந்தது எப்படி என்பது அந்த ஆசிரியர் வாங்கிய ஒரே கடன். அதற்கப்புறம் அவர் எழுதியதில் பொய்ப் பதிவு இல்லை. 1938 நவம்பரில் 'ஹரிஜன்' பத்திரிகையில் ஜெர்மன் யூதர்களுக்கு சத்தியாக்கிரக வழியைக் காந்தியடிகளே எழுதினார்; அது கதை இல்லை.

நம் ஆகமங்கள் இல்லறத்தானுக்கு ஹிம்சையை நான்கு வகையாகப் பிரிக்கின்றன: வேண்டுமென்றே செய்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை அடியோடு விடச் சொன்னார்கள். நான்காவதை இல்லறத்தானுக்கு முழுசாக மறுக்கவில்லை. ஒரு சக்கரவர்த்தியை இறங்கிவரச் செய்யும் கருவி என்று அகிம்சையை அவர்கள் எங்கும் விற்கவில்லை. அது தன் வினைக் கணக்கைச் சரிசெய்வதற்கு. காந்தியடிகள் அதை அரசியல் சந்தைக்குக் கொண்டுவந்தார், எதிராளியின் மனம் மாறும் என்று வாக்குக் கொடுத்தார். டர்ட்டில்டவ் கேட்பது அந்த வாக்கைப் பற்றித்தான். வாங்குபவன் மனிதனாக இருந்தால் மட்டும் செல்லும் உண்டியலா இது என்கிறார். இந்தக் கதையைத் துவேஷம் என்று ஒதுக்குகிறவர்கள் அதைச் சரியாகப் படிக்கவில்லை. என் வீட்டில் இதை வாசித்துக் காட்டியபோது, மாடல் சுடாமல் விட்டிருந்தால் கதை உங்களுக்குப் பிடித்திருக்குமா என்று மருமகள் கேட்டாள். பிடித்திருக்கும், ஆனால் நம்பியிருக்க மாட்டேன்.

இன்னொன்று. சியாத்வாதத்திலேயே 'பல உலகக் கொள்கை' இருக்கிறது, எவரெட் 1957இல் சொன்னதை நாம் அன்றே சொல்லிவிட்டோம் என்று எழுதுகிற நண்பர்களோடு நான் சேர்வதில்லை. 'சியாத்' என்றால் 'ஒரு நோக்கில்' என்று அர்த்தம். அது பேசும் பேச்சுக்கு வரம்பு கட்டுவது. உலகங்களைப் பெருக்குவது அல்ல.

தமிழுக்கு வருவோம். கல்கியும் அவர் வழி வந்தவர்களும் எழுதியது சரித்திரத்தின் ஓட்டைகளை அடைக்கும் கதைகள். நடந்ததை அவர்கள் மாற்றவில்லை. சுஜாதா 2008இல் மறையும் வரை விஞ்ஞானக் கதையை வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார், ஆனால் அவர் பார்வை பெரும்பாலும் எதிர்காலத்தின் மீதுதான். மாற்று வரலாறு என்று நம்மிடம் இப்போது கைபேசியில் சுற்றுவது, நம் ராஜா ஜெயித்திருந்தால் உலகமே தமிழ் பேசியிருக்கும் என்ற ரகம். அதில் கப்பலுக்கு மரம் யார் கொடுத்தார், மாலுமிக்குக் கூலி யார் கொடுத்தார் என்று கேட்டால் கோபித்துக்கொள்கிறார்கள். மோசம் என்னவென்றால், அதைச் சரித்திரம் என்றே பிள்ளைகள் நம்புகின்றன. நார்ளீகரின் கங்காதரபந்த், தாம் பார்த்த உலகத்துக்கு ஆதாரம் கேட்டால் நூலகத்துப் பழைய பக்கம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுகிறார். கதைக்குக்கூட ஒரு ரசீது வேண்டும் என்று நினைத்த மனுஷர்.

தமிழில் எழுத ஆசைப்படும் இளைஞர்களுக்கு என்னிடம் சரக்கு ஒன்று தயாராக இருக்கிறது. என் ஊர் பொன்னூர் மலைக்குப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் வந்தவாசி. 1760 ஜனவரி 22ஆம் தேதி அங்கே பிரெஞ்சு லாலியும் ஆங்கிலேய கூட்டும் மோதினார்கள். சண்டை நடுவில் ஆங்கிலேயரின் குண்டு ஒன்று தற்செயலாகப் பிரெஞ்சுக்காரரின் வெடிமருந்து வண்டியில் விழுந்து வெடிக்க, இடது அணி கலைந்தது, கூட் உள்ளே புகுந்தார். பூசி சிறைப்பட்டார். அந்தப் பூசியின் கீழ் பழகிய இப்ராகிம் கான்தான் அடுத்த வருஷம் பானிபட்டில் மராத்தியருக்குப் பீரங்கி சுட்டவர். விசுவாசராவின் குண்டுக்கு இது சரியான ஜோடி. வண்டி வெடிக்கவில்லை, பிரெஞ்சுக்காரர் ஜெயித்தார்கள், நாமெல்லாம் இன்று பிரெஞ்சு பேசுகிறோம் என்று ஆரம்பிக்கத் தோன்றும். அப்படி ஆரம்பிக்க வேண்டாம். 1758இல் லாலி தஞ்சாவூர் ராஜாவிடம் 56 லட்சம் ரூபாய் பழைய பத்திரத்தை நீட்டிப் படையோடு போய் வெறுங்கையோடு திரும்பினார். 1759 பிப்ரவரியில் மதராஸ் முற்றுகையைக் கைவிட்டார். அதே வருஷம் அக்டோபரில் அவருடைய சிப்பாய்களே சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்தார்கள். இந்த மூன்றில் எதை மாற்றினால் வந்தவாசியில் தராசு சமநிலைக்காவது வரும் என்று முதலில் பாருங்கள். அதற்கு வேண்டிய அன்றாடப் பணக் கதை எல்லாம், யார் யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கப்பல் வந்தது, எது வரவில்லை என்பது வரைக்கும், ஆனந்தரங்கம் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.